முன்னால் போன வெள்ளை வேன்

கையெடுத்துக் கும்பிடுவதற்காகவே கார் வாங்கியவன் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மைலேஜ் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்று வாங்குகிறவர்கள் உண்டு. என் காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று மூடி வைத்திருந்தேன். சொல்லாமலேயே சொந்தபந்தம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பதால் இப்போது எழுதியே வைத்துவிடுகிறேன்.

எனக்கு ஒரு பழக்கம். வழியில் எந்தக் கோயிலைக் கண்டாலும் கும்பிடாமல் தாண்ட முடியாது. பெரிய கோபுரம், வேப்பமரத்தடி மாரியாத்தா, மூத்திரச் சந்தில் மாட்டிக்கொண்ட பிள்ளையார் என்றெல்லாம் பேதம் பார்க்க மாட்டேன். கணபதியில் ஹார்டுவேர் கடை வைத்த நாளிலிருந்து ஓட்டிய எல்லா வண்டியிலும் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை நெஞ்சில் என்று அரைக் கும்பிடுதான் போட்டு வந்தேன். அரைக் கும்பிடுக்கு அரை அருள்தானே கிடைக்கும்? (என் கணக்கு எட்டாங்கிளாசோடு நின்றுபோனது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

அறுபது வயதைத் தாண்டியதும், பெங்களூரில் இருக்கும் என் மகன் பிரபு, உதவி செய்கிற கார் ஒன்று வந்திருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஷோரூமில் ஒரு அம்மணி பொறுமையாக விளக்கினார். முன்னால் போகிற வண்டிக்குத் தக்கபடி இதுவே வேகத்தைக் கூட்டும், குறைக்கும். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடிக்கும். யாராவது குறுக்கே வந்தால் தானாகப் பிரேக் போடும். நாம் தூங்கி வழிந்தால் எழுப்பும்.

"அப்பறம் நாம எதுக்குங்க அம்மணி வண்டில?" என்று கேட்டேன்.

"நீங்கதாங்க சார் ஓட்டோணும். இது ஒத்தாசைக்குத்தானுங்க" என்றார்.

இதையே மூன்று தடவை சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. ரெண்டு கையும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், அவ்வளவுதான்.

முதல் ஓட்டமே அவிநாசிக்கு, பூஜை போட. வழியில் முதல் கோயில் வந்ததும், முருகா என்று ரெண்டு கையையும் சேர்த்து, முப்பது வருஷ பாக்கிக்கும் சேர்த்து ஒரு முழுக் கும்பிடு போட்டேன். வண்டி கத்த ஆரம்பித்தது. திரையில் சிவப்பாக ஒரு ஸ்டியரிங், அதைப் பிடித்தபடி ரெண்டு கை. பின்னால் வந்த டவுன் பஸ்காரர் வேறு ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தார். என் மனைவி சரசு திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாமியே வேண்டாங்குதுங்க. புடிங்க."

பிடித்தேன். அன்றிலிருந்து அதற்கு ஒரு மரியாதை கொடுத்தே பழகினேன். கத்தினால், "இந்தா புடிச்சுட்டேனுங்க" என்பேன். குழியைத் தவிர்க்க ஒடித்தால், கோட்டைத் தாண்டுகிறாய் என்று திரும்ப இழுத்துக் குழிக்குள்ளேயே இறக்கும். "சரீங்க, உங்க இஷ்டம்" என்பேன். காந்திபுரத்தில் ஒருவர் ரோட்டில் இறங்கலாமா வேண்டாமா என்று காலைத்தான் நீட்டினார். அது போட்ட பிரேக்கில், சரசு மடியில் இருந்த பிரசாதப் பொங்கல் எழும்பிப்போய் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் பின்சீட்டுக்குப் போனவள்தான். முன்னால் வரவே மாட்டேன் என்றுவிட்டாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது, கொடுமுடிக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்துகொண்டே இருந்தது. எனக்கும் அக்காவுக்கும் பதினோரு வருஷ வித்தியாசம். உடன்பிறந்தவர்கள் நாங்கள் ரெண்டே பேர்தான். இத்தனை வயசுக்கப்புறமும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடும்.

"சாமி, அந்தக் காரை எப்பக் கொண்டாறே? தானா ஓடுதாமா? என்னைய உக்கார வெச்சு கொடுமுடிக் கோயிலுக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயிரு. நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது, பஸ்ஸேற முடியல."

"பழகிட்டு வாரேனுங்க்கா" என்றேன்.

அடுத்த வாரமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த வாரமும். கத்துகிற வண்டியில் அக்காவை ஏற்றி, அதுவும் பயந்து, ஊர் முன்னால் நான் அசடு வழிய வேண்டுமா என்று ஒரு வெட்கம். நன்றாகக் கை படிந்தபின் ஜம்மென்று போய் இறங்க வேண்டும் என்பது என் ஆசை. இப்படியே அஞ்சு வாரம் ஓடிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை காலை விடியும் நேரத்தில் அக்கா மகன் செந்தில் கூப்பிட்டான். "மாமா, அம்மா போயிருச்சுங்க" என்றான். போன் மட்டும் ரெண்டு பக்கமும் கொஞ்ச நேரம் திறந்திருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணமான பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடித்துணி வர வேண்டும். புருஷன் இருக்கும்போதே போன பெண்ணென்றால் புதுப் புடவையோடு மஞ்சள், குங்குமம், பூவும் சேர்ந்து வரும். அதைக் கொண்டுபோய்ப் போர்த்த வேண்டியவன் உடன்பிறந்தவன். அது வந்து சேரும்வரை எடுக்க மாட்டார்கள். பிறந்த வீட்டில் அக்காவுக்கு மிச்சம் இருந்தவன் நான் ஒருத்தன். அன்றைக்கு ஒன்றரைக்கு ராகு காலம் பிறக்கிறது, அதற்குள் எடுத்துவிட வேண்டும், நீங்கள் ஒரு மணிக்காவது வந்துவிடுங்கள் மாமா என்று செந்தில் மறுபடி கூப்பிட்டுச் சொன்னான். உயிரோடு இருந்தபோது போகவில்லை. இதற்காவது நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் மனதில் இல்லை.

காந்திபுரத்தில் ஜவுளிக்கடை ஷட்டர் திறக்கும்வரை வாசலில் நின்றோம். உள்ளே போனதும் கடைக்காரர், "யாருக்குங்க புடவை?" என்று கேட்டார். "அக்காவுக்குங்க" என்றேன். "அக்கா நல்ல நிறமா இருப்பாங்களா, மாநிறமுங்களா?" என்று அடுத்த கேள்வி. "நல்ல நிறமா இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாக விரித்துப் போட்டு, இது துவைக்கத் துவைக்கப் பளபளக்கும், பத்து வருஷத்துக்குக் கேட்க வேண்டியதில்லை என்கிறார். சரசு கண்ணைக் காட்டிய பிறகுதான் புரிந்துகொண்டு, பேசாமல் ஒரு அரக்குக் கரைப் பச்சைப் புடவையை மடித்துக் கொடுத்தார். மஞ்சள், குங்குமம், பூவெல்லாம் வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக் கிளம்பும்போது மணி பத்து. கோடித் தட்டைக் கீழே வைக்கக் கூடாதென்று சரசு மடியிலேயே வைத்துக்கொண்டாள். பிரபு பெங்களூரிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை, அவிநாசி பைபாஸில் ரோடு கொஞ்சம் காலியானதும் வந்துவிட்டது. கோயில் இருக்கிற திசையைப் பார்த்து, அவிநாசியப்பா, முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரே கையால் கும்பிட்டேன். கண்ணில் நீர் நிறைந்து, இமையை இடுக்கி இடுக்கி ஓட்டினேன். வண்டிக்குள் ஓட்டுகிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் சின்னக் கேமரா ஒன்று உண்டு. அது என்னைப் பார்த்து, இவன் தூங்குகிறான் என்று முடிவு கட்டிவிட்டது. டொங் டொங் என்று மணி. திரையில் ஆவி பறக்கும் ஒரு டீக் கப்.

"ஏனுங்க, டீக்கடைப் படமெல்லாம் போடுது. என்னவாமா?"

"நாந் தூங்கறேன்னு நெனைக்குது."

"தூங்கலைன்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். நிஜமாகவே சொன்னேன். "தூங்கலீங்க, அழுகறேனுங்க" என்று அந்தத் திரையைப் பார்த்துச் சொன்னேன். அது மறுபடியும் டீக் கப்பையே காட்டியது. அழுகைக்கு அதனிடம் படம் இல்லை.

விஜயமங்கலம் டோல்கேட் வரைக்கும் நாலு தடவை டீ குடிக்கச் சொல்லிவிட்டது. ஓரம் கட்டி முகம் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது. டோல்கேட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை வேன் நின்றது. உள்ளே பெண்கள், மடியில் தட்டு, ஒரு கூடை நிறையப் பூ. என் சித்தப்பா மக்கள், எங்கள் பங்காளிகள், கணபதியிலிருந்து வெள்ளை வேன் ஒன்று பிடித்து முன்னாடியே கிளம்பியிருப்பதாகக் காலையில் சொல்லியிருந்தார்கள். அவர்கள்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஹாரன் அடித்தேன். பின் ஜன்னலில் இருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். எந்தப் பெரியம்மாவென்று கண்ணீரில் தெரியவில்லை. (யாராக இருந்தாலும் ஹாரன் அடித்தால் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். அதை நான் பிறகுதான் யோசித்தேன்.)

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் செய்தேன். முன்னால் போகிற வண்டியைப் பிடித்துக்கொண்டு போகிற அந்தப் பொத்தானை அமுக்கினேன். திரையில் வேன் ஒரு சின்னப் படமாக வந்து உட்கார்ந்தது. வேன் மெதுவாகப் போனால் நாமும் மெதுவாக, அது வேகம் எடுத்தால் நாமும் வேகமாக. வேன் டிரைவருக்குத்தான் வழி தெரியுமே, பங்காளிகள் பின்னாலேயே போனால் போதும் என்று ஒரு நிம்மதி. கையை மட்டும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு அழுதேன். அது திரும்பின பக்கம் நானும் திருப்பினேன். பெருந்துறையில் பிரிந்தது, பிரிந்தேன். சரசு பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்லி வேண்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் சென்னிமலை தெரிந்தது. நாங்கள் எப்போதும் போகிற வழியில் அந்த மலை வலப்பக்கம் தூரத்தில் தெரிந்து மறையும். அன்றைக்கு நேர் எதிரில் வந்து நின்றது. மனுஷனாகப் பிறந்தவன் அங்கேயாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு, அக்கா சாவுக்கு முருகனே இறங்கிவந்து வழியனுப்புகிறான் என்று தோன்றியது. துக்கத்தில் எல்லாம் மறந்து ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். வண்டி கத்தியது. "புடிச்சுட்டேனுங்க, புடிச்சுட்டேனுங்க" என்று மறுபடி வேனைத் தொடர்ந்தேன்.

சென்னிமலையைத் தாண்டி வேன் ஒரு பக்கம் ஒடித்து உள்ளே போனது. ரோட்டு வேலை நடக்கிறதால் சுற்றிப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு மண்டபத்துக்கு முன்னால் மைதானத்தில் போய் நின்றது. வீட்டில் கூட்டம் கொள்ளாதென்று இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். வாழைமரம் கட்டியிருந்தது, மேளச் சத்தம் கேட்டது. அக்காவுக்கு எழுபத்திரண்டு வயது, பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. கல்யாணச் சாவு என்று மேளம் வைத்துச் சிறப்பாகச் செய்கிறார் அக்கா வீட்டுக்காரரான என் மச்சான் என்று நினைத்தேன். வாசலில் பெரிய பேனர். மங்கலாக ஒரு சின்னப் பெண்ணின் முகம் தெரிந்தது. அக்காவின் சின்ன வயசுப் போட்டோவை எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கண்ணீர் அஞ்சலி அடித்திருக்கிறார்கள் என்று நெஞ்சே வெடித்துவிட்டது.

கீழே இறங்கித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, "அக்கா" என்று சத்தம்போட்டு அழுதபடி நடந்தேன். வாசலில் வேட்டி கட்டிய ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். சாவு வீட்டில் போனதும் பேசாமல் ரெண்டு கையையும் நீட்டித் துக்கம் கேட்பது எங்கள் வழக்கம். நீட்டினேன். அவர்கள் என் ரெண்டு கையையும் பிடித்து, "வாங்க வாங்க" என்று சிரித்தபடி உள்ளே இழுத்தார்கள். ஒருவர் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். எனக்குப் பின்னால் தாம்பாளத்தோடு வந்த சரசுவைப் பார்த்ததும் இன்னொருவர் உள்ளே திரும்பி, "சீர்த்தட்டு வந்துருச்சு, மேளத்தை இங்க திருப்பச் சொல்லுங்க" என்றார். மேளக்காரர்கள் அப்படியே எங்கள் பக்கம் திரும்பி, என் மூஞ்சிக்கு நேராக வாசித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து செந்தில் கூப்பிட்டான். எங்கே இருக்கிறீர்கள் என்றான்.

"வாசல்லயே நிக்கறேன் மாப்ள. மேளம் கேக்குதில்ல?"

அவன் பக்கத்தில் ஒப்பாரிச் சத்தம் மட்டும் கேட்டது.

"மாமா, இங்க நாங்க மேளமே வெக்கலீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனரைப் பார்த்தேன். அஞ்சு வயசுப் பெண் ஒன்று, தலையில் கிரீடம் வைத்து, பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. காதணி விழா. வேனிலிருந்து இறங்கிய பெண்களில் ஒருவர்கூட என் சொந்தம் இல்லை. அவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வேனில் வந்தவர்களைத் தாண்டி நேராக எங்கள் பக்கம்தான் வந்தாள். "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவள், என் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டாள். அந்த முகம் சுருங்கியதை நான் என்னவென்று எழுதுவது? காது குத்துகிற குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் சீரோடு வர வேண்டும். அந்தத் தாய்மாமன் வரவில்லை. ஏதோ மனஸ்தாபம்போல. பன்னிரண்டரைக்குள் குத்தியாக வேண்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். தட்டோடு ஒரு கார் வந்ததும் அண்ணன் மனசு மாறி வந்துவிட்டான் என்று அவள் ஓடி வந்திருக்கிறாள்.

சாவுக்கோடியைக் கொண்டுவந்து, ஒரு குழந்தையின் விசேஷ வாசலில், மேளத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். இதைவிடப் பெரிய பாவத்தை என் ஆயுசில் நான் செய்ததில்லை. உண்மையைச் சொன்னால் நல்ல நேரத்தில் சாவுப் பேச்சைப் பேசியதாகும். சொல்லாவிட்டால், வந்தவர்களைச் சாப்பிடாமல் விட மாட்டார்கள். "வழி தவறிட்டனுங்க அம்மணி" என்று மட்டும் சொன்னேன்.

"பரவால்லீங்கண்ணா. வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள் அவள். கண்ணில் தண்ணீர் நிற்க, எங்கள் ஊர்ப் பெண்களுக்கே வருகிற உபசரிப்பு.

ரெண்டு பேர் என் கையைப் பிடித்து இழுக்க, நான் வரமாட்டேன் என்று முரண்டு பிடிக்க, அது வேறு மாதிரிப் போய்க்கொண்டிருந்தது. சரசுதான் முந்தானையால் தட்டை மூடிக்கொண்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

"கண்ணு, நாங்க இங்க நிக்கப்படாது. இவங்க அக்கா தவறிப்போச்சு. கோடி கொண்டு போறோம். தெரியாம வந்துட்டோம், மனசுல வெச்சுக்காதே."

அந்தப் பெண் ஒரு அடி பின்னால் போவாள், யாரையாவது விட்டுத் தண்ணீர் தெளிக்கச் சொல்வாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மூடியிருந்த தட்டையே பார்த்தாள்.

"எடுக்காம காத்துட்டிருப்பாங்கல்லீங்க?" என்று கேட்டாள். "போங்கண்ணா. பொறந்தவன் வரோணும்னு கெடப்பாங்க. சீக்கிரம் போங்க."

பிறகு அவளே அந்த ஆட்களை விலக்கிவிட்டு, எந்த ரோட்டைப் பிடித்து எங்கே ஒடித்தால் கொடுமுடிக்குச் சீக்கிரம் போகலாம் என்று கைகாட்டினாள். யாரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லாமல் வண்டியேறினேன். சாவுக்குப் போகிறவன் அப்படிச் சொல்லக் கூடாது. விசேஷ வீட்டில் சொல்லாமலும் வரக் கூடாது. எதைச் செய்தாலும் தப்பாகப் போகிற நாள் அது.

"அந்தப் பொத்தானையெல்லாம் அணைச்சு வெச்சுட்டு, நீங்களே ஓட்டுங்க" என்றாள் சரசு. அணைத்தேன். அதற்குப் பிறகு நான் எந்தக் கோயிலையும் பார்க்கவில்லை. ரோட்டை மட்டும் பார்த்தேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று நாற்பது. சாமியானாவுக்குள் இருநூறு முந்நூறு பேர். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. என் சித்தப்பா மக்கள் வந்த வெள்ளை வேன் வேலியோரம் நிழலில் நின்றிருந்தது. எடுக்கிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். ராகு காலம் பிறந்துவிட்டது, இனி மூணு மணிக்கு மேல்தான் என்று பெரியவர் ஒருத்தர் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். ஒன்றேகாலுக்கே எடுத்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மச்சான்தான் தலைமாட்டை விட்டு எழுந்திருக்காமல், அவ தம்பி வராமல் எடுக்க விடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். பிரபு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். செந்தில் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐஸ் பெட்டியைத் திறந்து கோடியைப் போர்த்தினேன். பச்சைப் புடவை அக்கா நிறத்துக்கு எடுப்பாகத்தான் இருந்தது. கடைக்காரர் கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை நான். முகம் தூங்குகிற மாதிரி இருந்தது. "பழகிட்டு வாரேன்னு சொன்னேனுங்க்கா" என்று ஏதோ சொல்ல வந்து, முடியாமல் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார வேண்டியதுதான். இன்னும் ஒன்றே கால் மணி நேரம் வேறு வேலை இல்லை. அத்தனை பேர் பசியும் வெயிலும் என் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன.

மச்சான் அதிகம் பேசாத மனுஷர். வாய்க்கால் தண்ணீர், மஞ்சள் விலை தவிர என்னிடம் அவர் எதையும் பேசி நான் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்க மாப்ள போயிட்டே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த இடத்தில் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து, மெல்லிய குரலில், டீக் கப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வேனைப் பிடித்துக்கொண்டு போனதை, பேனரில் இருந்த குழந்தையை அக்கா என்று நினைத்ததை, கையை நீட்டித் துக்கம் கேட்டதை, அவர்கள் சந்தனம் கொடுத்ததை, மேளக்காரர்கள் திரும்பியதை. சொல்லிக்கொண்டே வரும்போது மச்சானின் தோள் குலுங்கியது. துண்டை எடுத்து வாயில் பொத்திக்கொண்டார். இன்னும் குலுங்கியது. பக்கத்திலிருந்து பார்த்த எனக்குத்தான் தெரிந்தது, மனுஷர் சிரிக்கிறார்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாக உட்கார்ந்திருந்தவர் உடைந்துவிட்டார் என்று நினைத்து, மொத்தப் பேரும் ஒரே குரலாக ஒப்பாரி வைத்தார்கள். அந்தச் சத்தம் எழுந்ததும் மச்சானுக்குச் சிரிப்பு நிற்கவில்லை, எனக்கும் தொற்றிக்கொண்டது. ரெண்டு கிழவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் முட்டிக்கொண்டு குலுங்கினோம். எந்த இடத்தில் அது அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியாது. மச்சான் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். "அவகிட்டச் சொல்லோணுமே மாப்ள இதை, அவகிட்டச் சொல்லோணுமே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். செந்தில் ஓடிவந்து எங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

மூணு மணிக்கு மேல் எடுத்தார்கள்.

இது நடந்து ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. கார் ஓட்ட நன்றாகவே பழகிவிட்டேன். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும் நான் வந்து இறங்கியதும் யாராவது ஒருத்தர், "வேன் எங்கீங்க, முன்னால வந்துருச்சுங்களா?" என்று கேட்காமல் விடுவதில்லை. மேளக்காரர்களிடம்கூட முன்கூட்டியே சொல்லி வைத்து என் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

கதையை மறக்காமல் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்துச் சொல்கிறவர் மச்சான்தான். வாயே திறக்காத மனுஷர், இதற்கு மட்டும் கை, கால், கண் எல்லாம் வைத்துச் சொல்கிறார். அந்த நாளைப் பற்றி வேறு எதையும் அவர் பேசுவதில்லை. அக்கா பேச்சை யாராவது எடுத்தால் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். இதை மட்டும் சொல்வார். சொல்லச் சொல்ல கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்வார். முதலில் நான் பந்தியில் உட்கார்ந்து ஒரு லட்டுச் சாப்பிட்டதாகச் சேர்த்தார். போன தை மாசம் லட்டு மூணாகிவிட்டது.

போன மாசம் ஒரு கல்யாணத்தில் புதிதாக ஒன்று சேர்த்தார். நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது, எதிரே இன்னொரு கார் வந்ததாம். அதிலிருந்து அந்த அம்மணியின் அண்ணன் சீர்த்தட்டோடு இறங்கினாராம். அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். குழந்தையை அவர் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்களாம்.

அன்றைக்கு அந்தக் கேட்டில் எதிரே எந்த வண்டியும் வரவில்லை. நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ரோடு திரும்பும் வரைக்கும் அவள் தனியாகத்தான் வாசலில் நின்றாள்.

சொல்லி முடித்துவிட்டு மச்சான் என் பக்கம் திரும்பி, "ஏன் மாப்ள, வந்தாரில்ல?" என்று கேட்டார்.

"வந்தாருங்க மச்சான்" என்றேன். "நானும் பாத்தேன்."